சுரைக்காய்க்குத் தண்ணீர் வேண்டாம்

மார்கழி பிறந்தால் பெங்களூரில் அவரைக்காய் வாசனை வராத தெரு கிடையாது. வைட்ஃபீல்டில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்துக்கு மட்டும் அது பாக்கெட்டில் வருகிறது. தோலை நீக்கிப் பிதுக்கிய பருப்பு, போனில் கேட்ட பத்தாவது நிமிஷத்தில். போன வாரம் பாக்கெட்டைப் பிரித்ததும் அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அம்மா ஞாபகம் வரும். எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது.

அப்பா கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் வேலை செய்தவர். சுரங்கத்தை மூடியபோது அவருக்கு மிச்சமிருந்தது இருமல். பெங்களூருக்கு வந்து சிவாஜிநகருக்குப் பின்பக்கம் ஓர் ஓட்டு வீட்டில் குடியேறினோம். அம்மாவுக்குத் துணி தைக்கும் கம்பெனியில் மெஷின் வேலை கிடைத்தது. பத்தொன்பது வயசில் எனக்கும் அதே இடத்தில், தைத்த சட்டைகளில் நூல் வெட்டும் வேலை. அப்பா இரண்டு இடத்தில் வாட்ச்மேனாக நின்று பார்த்தார். அவர் இருமுவதைக் கேட்டு இரண்டு இடத்திலும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

ஒருநாள் மெஷின் ஊசி அம்மாவின் ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. மறுநாள் காலை கட்டுப்போட்ட கையோடு அம்மா பீன்ஸை எடுக்க, அப்பா கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். அவர் நறுக்கிய பீன்ஸ் ஸ்கேல் வைத்து அளந்த மாதிரி ஒரே நீளம். ஆனால் வேகவே இல்லை. பல்லில் நறநறத்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா முறைத்ததும் விழுங்கிவிட்டேன். அதற்காகப் பெருமைப்பட ஒன்றுமில்லை, எனக்கு அந்த அளவுக்குக்கூட நறுக்க வராது. இன்றும் வராது.

அம்மாவின் விரல் ஆறிய பிறகும் அப்பா கத்தியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு மாதத்தில் சமையலில் அவர் கை தேறிவிட்டது. மிளகாயைத் தாளித்தால் அந்தப் புகையில் அவருக்கு மூச்சு முட்டும். அதனால் மிளகாயை அநேகமாக விட்டுவிட்டு மிளகு, சீரகம், இஞ்சி, தேங்காய் என்று போனார். முளைகட்டின பச்சைப்பயறு, முருங்கைக்கீரையும் துவரம்பருப்பும், கேரட்டில் பாசிப்பருப்பு. ஒரே ஒரு நிபந்தனைதான்.

"நான் ஆக்குறேன்னு கம்பெனில யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஆம்பள அடுப்பாண்ட நிக்கிறான்னு சிரிப்பாங்க."

மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர் மாடிப்படியில் உட்காருவோம். அவசரத்தில் தின்றும் தின்னாமலும் அந்தப் பெண்களில் பாதிப்பேருக்கு வயிறு எரிச்சல். காரமில்லாத எங்கள் டப்பா முதலில் காலியாகும். அம்மாவின் பக்கத்து மெஷின் ஸ்டெல்லாக்கா. அவர்களும் தங்கவயல்தான். அப்பாவின் சுரைக்காய்க் கூட்டு என்றால் அவர்களுக்கு உயிர்.

"கலாக்கா, எப்படி பண்றீங்க, சொல்லுங்க."

அம்மாவுக்குத் தெரிந்தால்தானே? "எல்லாத்தையும் குக்கர்ல போடு, மூணு விசில் விடு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார்கள்.

மறுநாள் ஸ்டெல்லாக்கா முகம் சரியில்லை. "நீங்க சொன்ன மாதிரியேதான் பண்ணேன். களி மாதிரி வந்துச்சு." அம்மா வேறொரு பக்குவம் சொன்னார்கள். அதுவும் களிதான். மூன்றாம் முறை ஸ்டெல்லாக்கா கேட்கவில்லை. தன் டப்பாவை எடுத்துக்கொண்டு நான்கு படி கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். "பக்குவத்த மறைக்கிறவங்களோட எனக்கு இன்னா பேச்சு" என்று யாரிடமோ சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது.

பத்து நாள் அப்படியே போனது. பக்கத்துப் பக்கத்து மெஷினில் இருந்துகொண்டு இரண்டு பேரும் நூல் கண்டுகூடக் கேட்டு வாங்குவதில்லை. அம்மா டப்பாவைத் திறந்துவிட்டுச் சாப்பிடாமல் மூடியதைப் பார்த்த அன்று எனக்குத் தாங்கவில்லை.

"ஸ்டெல்லாக்கா, அம்மா மறைக்கல. அவங்களுக்குத் தெரியாது. வீட்ல அப்பாதான் ஆக்குறாரு."

மேல்படியிலிருந்து ஒரு பெண், "அப்போ உங்க வீட்ல புடவ யாரு கட்டுறது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெல்லாக்கா மட்டும் சிரிக்கவில்லை.

நான் உளறியதை அம்மா வீட்டில் சொல்லிவிட்டார்கள். அப்பா திட்டவில்லை. மறுநாள் காலை அடுப்புப் பக்கமே வரவில்லை, அவ்வளவுதான். மூன்று நாள் ஊறுகாயும் சோறும். என்னை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதற்கு நாலு அடி கொடுத்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஸ்டெல்லாக்கா நின்றார்கள். பின்னால் வெளிறிய சட்டையில் ஓர் ஆள், தலையைக் குனிந்தபடி. அவர்கள் வீட்டுக்காரர் ஆரோக்கியம். அப்பா எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"அண்ணா, கேலி பண்ண வரல" என்றார்கள் ஸ்டெல்லாக்கா. "மைன்ஸ் மூடுனதுலருந்து இவரு சுவத்தப் பாத்துக்கினு உக்காந்திருக்காரு. வெளிய போறதில்ல, பேசறதில்ல. உங்களப் பத்திக் கேட்டப்பதான் வாயத் தொறந்தாரு."

"இன்னா கேட்டாரு?" என்றார் அப்பா.

பதிலை ஆரோக்கியமே சொன்னார். "அந்த ஆளு எந்த ஷாஃப்ட்டுன்னு கேட்டேன்."

அப்பா தான் இறங்கிய சுரங்கக்குழியைச் சொன்னார். ஆரோக்கியம் பக்கத்து ஷாஃப்ட். இருவருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உள்ள வாய்யா" என்றார் அப்பா.

அன்றைக்குச் சுரைக்காய்தான். வாசற்படியில் உட்கார்ந்து நானும் அம்மாவும் ஸ்டெல்லாக்காவும் ஒட்டுக்கேட்டோம். "கடலப்பருப்ப முன்னாடியே ஊறப்போட்டு முக்கால் வேக்காடு வேகவை. அப்பறம் காயப் போடு. தண்ணி ஊத்தாத. சுரைக்காய்க்குள்ளயே தண்ணி இருக்கு, அது தானா விடும். தேங்கா மிளகு அரைச்சது கடைசில." ஆரோக்கியம் ஏதோ கேட்டார். அப்பா சிரித்தது கேட்டது. தங்கவயலை விட்டு வந்தபின் அவர் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றுதான். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு வாரா வாரம் இருவரும் ரஸல் மார்க்கெட்டுக்குக் காய் வாங்கச் சேர்ந்தே போனார்கள். மாடிப்படியில் இரண்டு டப்பாக்களும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தன. புடவை என்று கேட்டவளே ஒருநாள் முருங்கைக்கீரைக்குப் பக்குவம் கேட்டாள். அம்மா பெருமையாக, "இரு, அவர்கிட்ட கேட்டுக்கினு வரேன்" என்றார்கள்.

கம்பெனி ஊருக்கு வெளியே போய்விட்டது. அப்பாவும் ஆரோக்கியமும் எட்டு மாத இடைவெளியில் இறந்துபோனார்கள், இருவருக்கும் நெஞ்சுதான். ஸ்டெல்லாக்கா மகளோடு ஓசூருக்குப் போனார்கள். போன வருஷம் சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது, பழைய வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அம்மா கேட்டார்கள். அங்கே நான்கு மாடி எழும்பியிருந்தது. தரைத்தளம் முழுக்க வண்டி நிறுத்துமிடம். அம்மா தூண்களை எண்ணிக்கொண்டே நடந்து ஓரிடத்தில் நின்று, "அடுப்பு இங்க. உங்கப்பா இங்க நிப்பாரு, ஆரோக்கியம் அண்ணன் அங்க" என்று கையைக் காட்டினார்கள்.

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. "சொல்ப சைடுக்கு வாங்கம்மா" என்றார் வாட்ச்மேன். அம்மா நகர்ந்து வழி விட்டார்கள். கார் அங்கே வந்து நின்றது.