நாணேற்ற இன்னொரு ஆள்

எமில்டா வேலை செய்த கடையில் பழைய கதிரைகளையும் மேசைகளையும் திருத்துவார்கள். முதலாளி எட்வேட் அதிகம் பேசாத மனிதர். அவளும் அப்படித்தான். காலையில் பசைச் சட்டியை அடுப்பில் வைத்தால் மாலை வரை இரண்டு பேருக்கும் இடையில் பத்து வார்த்தை நடக்காது. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பழைய காலத்துப் பசை அது. அந்த வாசம் அவளுடைய குளிர்கோட்டில்கூட ஏறியிருந்தது.

மன்னாரிலிருந்து தொண்ணூற்றிரண்டில் ரொறொன்ரோவுக்கு வந்தவள். கணவர் ஒஷாவாவில் இன்னொரு குடும்பத்தோடு போயிருந்து பத்து வருடமாகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. வோபர்னில் ஒரு வீட்டின் நிலத்தடித் தளத்தில், பேஸ்மென்ரில், தனியாக இருந்தாள். உறவு என்று இருந்தது வன்னியில் தம்பி அருள்நாயகமும், அவனுடைய மனைவியும், அவர்களின் ஒரு மகளும்தான்.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு கிழவர் கடைக்கு முறிந்த வில் ஒன்றைக் கொண்டுவந்தார். துருக்கி வில், தன் தகப்பன் இஸ்தான்புல்லில் வாங்கியது என்றார். சுவரில் மாட்டுவதற்கு ஒட்டித் தந்தால் போதும். எட்வேட் அதை எமில்டாவிடம் தள்ளினார். முறிவைத் திறந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நடுவில் மெல்லிய மரம். ஒரு பக்கம் எருமைக் கொம்பு. மறுபக்கம் மாட்டு நரம்பின் நார்கள், தலைமயிர்போல வாரிவிட்டிருந்தன. மூன்றையும் பிடித்து வைத்திருந்தது அவள் தினமும் காய்ச்சும் அதே பசைதான்.

ஒட்டிக் கொடுத்தாள். வடிவாகத்தான் இருந்தது. ஆனால் இனி அது வளையாது. அந்த எண்ணம் பல நாள் அவளைத் தின்றது. கடைசியில் வளையக்கூடிய ஒன்றைத் தானே செய்து பார்ப்பதென்று முடிவெடுத்தாள். நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

மேப்பிள் மரம் கடையிலேயே கிடைத்தது. ஐந்து துண்டாக அறுத்து, நீராவியில் வளைத்துப் பொருத்தினாள். கொம்பைத் தபாலில் எடுப்பித்து ஒரு பக்கம் ஒட்டினாள். நரம்புக்கு இறைச்சிக்கடைக்குப் போனாள்.

“உது சூப்புக்கோ அன்ரி?” என்று கேட்டான் வெட்டுகிறவன்.

“ஓம், சூப்புக்குத்தான்.”

காய்ந்த நரம்பை மரச் சுத்தியலால் தட்டித் தட்டி நாராக்குவதற்கே ஒரு மாரிகாலம் போயிற்று. நாரைச் சீப்பால் வாரி, இளஞ்சூட்டுப் பசையில் தோய்த்து, மரத்தின் முதுகில் ஒவ்வொன்றாகப் படுக்க வைக்க வேண்டும். மேல்வீட்டில் இருந்த வீட்டுக்காரர் சச்சிதானந்தன் ஒருநாள் படிக்கட்டில் நின்று சத்தம் போட்டார்.

“எமில்டா, கீழ என்ன காய்ச்சிறியள்? மேல மனிசர் இருக்கேலாமல் கிடக்கு!”

அதற்குப் பிறகு, வெள்ளிக்கிழமைகளில் அவர் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் பசை காய்ச்சினாள்.

நரம்பு காயக் காய உள்ளே இழுபட்டு, வில் எதிர்ப்பக்கமாகச் சுருண்டது. இரண்டு நுனிகளையும் கயிற்றால் இழுத்துக் கட்டி, கிட்டத்தட்ட வளையம்போல ஆக்கித் தொங்கவிட்டாள். ஒரு வருடம் தொடக்கூடாது என்றது புத்தகம்.

அந்த ஒரு வருடத்துக்குள் வன்னியில் சண்டை இறுகியது. அருள்நாயகம் கிளிநொச்சியில் இருந்தவரை மாதத்துக்கு ஒருமுறை பேசுவான். பிறகு இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கிழக்கே போனார்கள். இரண்டாயிரத்தொன்பது தை மாதம் கடைசியாகத் தொலைபேசி எடுத்தான். ஒரு நிமிடம்கூட இல்லை.

“அக்கா, நாங்கள் மூண்டு பேரும் இருக்கிறம். திரும்ப எடுக்கிறன். உங்கட வில்லு காய்ஞ்சிட்டுதோ?”

“இன்னும் இல்லையடா.”

“காயட்டும், காயட்டும்” என்று சிரித்தான். தொடர்பு அறுந்தது. திரும்ப எடுக்கவில்லை.

பங்குனி, சித்திரை முழுக்க சச்சிதானந்தன் ஒவ்வொரு நாளும், சண்டையை நிறுத்தச் சொல்லி டவுன்ரவுனில் நடந்த போராட்டத்துக்குப் போனார். எமில்டா ஒருமுறை போனாள். பக்கத்தில் நின்ற பெண் ஒரு படத்தை நெஞ்சோடு பிடித்தபடி, “உங்களுக்கு அங்க ஆர்?” என்று கேட்டாள். “தம்பி” என்றாள் எமில்டா. அவ்வளவு சனத்துக்கு நடுவில் அழ அவளுக்கு வரவில்லை. சப்வே எடுத்துத் திரும்பிவிட்டாள். பிறகு போகவில்லை. தெருவில் தெரிந்தவர்கள் அவளைப் பார்த்த பார்வை மாறியிருந்தது. அவள் ஒன்றும் விளக்கவில்லை.

வைகாசி பதினெட்டு, திங்கட்கிழமை. விக்டோரியா டே விடுமுறை. மேலே தொலைக்காட்சி காலையிலிருந்தே ஓடியது. எல்லாம் முடிந்துவிட்டது என்பது தரைப்பலகை வழியாகவே அவளுக்குக் கேட்டது. பிறகு யாரோ அதை நிறுத்தினார்கள். மேலே ஒரு காலடிச் சத்தமும் இல்லை.

கட்டிலில் இருந்தாள். எழும்பினாள். தேத்தண்ணி போட்டு, குடிக்காமல் ஊற்றினாள். கடைக்குப் போகவும் வழியில்லை. பின்னேரம், ஒரு வருடம் காய்ந்து முடிந்திருந்த வில்லை இறக்கி, நுனிகளைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தாள்.

முதல்முறை நாணேற்ற இரண்டு பேர் வேண்டும் என்று புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. ஒருவர் அமர்த்திப் பிடிக்க, மற்றவர் நாணைக் கொளுவ வேண்டும். வில்லைச் சூடுகாட்டி, வளைவாக வெட்டிய இரண்டு மரக்கட்டைகளின் மேல் அதன் கைகளை, அதாவது பிடிக்கு இரு பக்கமும் உள்ள பாதிகளை, மெல்ல எதிர்ப்பக்கம் மடக்கிக் கட்டி... எமில்டா கதிரையில் இருந்தபடி முழங்காலையும் மார்பையும் வைத்துத் தனியாக மடக்கினாள். வில்லின் ஒரு கை பணிந்தது. மற்றது பாதி பணிந்து, முறுகி, கட்டையிலிருந்து வழுகியது. நுனி பறந்து வந்து கன்ன எலும்பில் அடித்தது. கதிரையோடு சேர்ந்து விழுந்தாள்.

சத்தம் கேட்டுச் சச்சிதானந்தன் சாரத்தோடு இறங்கி வந்தார். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் அவரும் தனிதான். ஒரே மகன் கல்கரியில்.

“ஐயோ, ரத்தம்! என்ன செய்தனீங்கள்?”

“ஒண்டுமில்லை அண்ணை.”

“ஆசுப்பத்திரிக்குப் போவம், எழும்புங்கோ.”

“வேண்டாம்.” அவள் தரையில் தவழ்ந்து வில்லைத் தேடி எடுத்தாள். வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தாள். இல்லை.

அவர் அப்போதுதான் அதைப் பார்த்தார். “உது என்ன? வில்லோ? உதைக் கொண்டு ஆருக்கு எய்யப் போறியள்?”

“ஒருத்தருக்கும் இல்லை. வளையுதோ எண்டு பாக்கத்தான்.”

 அவர் சமையலறைத் துவாயை நனைத்து அவள் கன்னத்தில் வைத்துப் பிடித்தார்.

“அங்க என்ர அக்காவின்ர ஆக்கள் ஒன்பது பேர்” என்றார். “ஒரு சத்தமும் இல்லை.”

“எனக்கு மூண்டு பேர்.”

துவாயை அவள் வாங்கிக்கொண்டாள். “அண்ணை, உந்த நுனியை அமத்திப் பிடிப்பியளோ? முகத்தை அங்கால வையுங்கோ.”

சச்சிதானந்தன் முழங்காலில் இருந்து பிடித்தார். எமில்டா திரும்பவும் சூடுகாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக மடக்கி, நாணை ஒரு நுனியிலும் பிறகு மற்ற நுனியிலும் கொளுவினாள். இருவரும் தங்கள் கைகளை எடுத்தார்கள். வில் நின்றது.

“ஒரு பக்கம் கூட வளையுது” என்றார் அவர்.

“ஓம். கீழ்க்கை விறைப்பு. கொம்பைச் சுரண்டிச் சரிப்பண்ண வேணும்.”

அப்போது வெளியில் படபடவென்று வெடித்தது. அவர் நிலத்தோடு பதுங்கினார். எமில்டாவும் தலையைக் குனித்தாள். விடுமுறைக்கு அக்கம்பக்கத்தார் பூங்காவில் வாணவேடிக்கை தொடங்கியிருந்தார்கள். பிள்ளைகள் கைதட்டும் சத்தம் சின்ன யன்னலால் வந்தது. இருவரும் சுவரில் சாய்ந்தபடி, அது முடியும்வரை நிலத்திலேயே இருந்தார்கள். முடிந்ததும் அவர் சுவரைப் பிடித்து எழும்பி, “கதவைப் பூட்டுங்கோ” என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

அந்தக் கோடை முழுதும் அவள் வில்லைச் சமப்படுத்தினாள். நாணேற்றி, தூர நின்று பார்ப்பாள். விறைத்த இடத்தில் கொம்பைக் கண்ணாடித் துண்டால் நாலு இழுப்பு சுரண்டுவாள். முறுகும் இடத்தைச் சூடுகாட்டி உள்ளங்கையால் அமர்த்திப் பிடிப்பாள். பிறகு ஒரு நாள் விட்டுவிட்டு, மறுபடி பார்ப்பாள். கூடச் சுரண்டினால் திரும்ப ஒட்ட முடியாது.

ஆடியில், தப்பி வந்த சனத்தை வைத்திருந்த முகாமிலிருந்து தம்பியின் மனைவி அழைத்தாள். எமில்டா கடையின் பின்கதவருகே நின்று கேட்டாள்.

“மச்சாள், நானும் பிள்ளையும் வந்திட்டம். அவர் வரேல்லை.” கொஞ்சம் பொறுத்து, “சித்திரையிலயே, மச்சாள். செல் வந்து விழுந்து வெடிச்சு. நாங்கள்தான் தாட்டனாங்கள்” என்றாள்.

தை மாதம் தொடங்கித் தான் தினமும் செபித்ததில் பாதி நாட்கள், அவன் ஏற்கெனவே மண்ணுக்குள் இருந்த நாட்கள் என்று அவளுக்குப் புரிந்தது. எட்வேட் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தார். வீட்டுக்குப் போகச் சொன்னார். அவள் போகவில்லை. ஒரு கதிரைக்கால் பாதியில் நின்றது. அதை ஒட்டி முடித்துவிட்டுத்தான் போனாள்.

அன்று மாலை மேலே போய்ச் சச்சிதானந்தனுக்குச் சொன்னாள். அவர் சாப்பாடு போட்டார். இருவரும் சாப்பிட்டார்கள். அவருடைய ஒன்பது பேரில் இரண்டு பேர் முகாமில் இருப்பதாகத் தெரியவந்திருந்தது. புரட்டாதியில் வீட்டை விற்றுவிட்டுக் கல்கரிக்கு மகனிடம் போனார். போகும்போது, “கன்னத்தில தழும்பு நிண்டிட்டுது” என்றார். எமில்டா பக்கத்துத் தெருவில் இன்னொரு பேஸ்மென்ருக்கு மாறினாள்.

ஐப்பசியில் வில் சமமாயிற்று. பள்ளத்தாக்கில் இருந்த விற்பயிற்சித் திடலுக்கு ஒரு ஞாயிறு பஸ்ஸில் போனாள். முதல் அம்பு இலக்குக்கு மேலால் பறந்து புல்லுக்குள் மறைந்தது. ஒரு மணித்தியாலம் தேடி எடுத்தாள். பிறகு திரும்பவும் எய்தாள்.

அதற்குப் பிறகு பனி கொட்டாத ஞாயிறுகளில் எல்லாம் அங்கே போனாள். ஊரில் ஞாயிறு இரவாகும் நேரம் பார்த்து, திடலின் ஓரத்து மர வாங்கிலில் அமர்ந்தபடி தம்பி மனைவிக்கு அழைப்பாள். அவர்கள் முகாமை விட்டு வெளியே வந்து வவுனியாவில் இருந்தார்கள்.

“வெளியில நிக்கிறியள் போல, காத்துச் சத்தம் கேக்குது” என்பாள் அவள். “ஆரோட போனனீங்கள் மச்சாள்?”

“ஒருத்தரும் இல்லை. சும்மா வந்தனான்” என்பாள் எமில்டா. “பிள்ளை சாப்பிட்டிட்டாளோ?”