செத்துப் பிழைத்த தேரோட்டி

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வார இதழில் பாதாள லோகக் கதை ஒன்று மூன்றரை ஆண்டுகள் தொடராக ஓடியது. வியாழன்தோறும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் கடையில் இதழை வாங்கி, பட்டணம் போகும் காலை ரயிலிலேயே படித்துவிடுவேன். பொன்னேரியில் ஏறும் பழவேற்காட்டு அம்மாள் மீன்கூடையைக் காலடியில் தள்ளிவிட்டு, "வாய்விட்டுப் படி நைனா" என்பார். அவருக்கு எழுத்து தெரியாது. என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். கதாநாயகனான இளவரசன் அவருக்குச் சோம்பேறி, பிடித்தவன் அவனுடைய தேரோட்டி.

இரண்டாம் ஆண்டு ஆடியில் அந்தத் தேரோட்டி நாகவிஷம் பட்டு இறந்தான். அம்மாளின் முகத்தைப் பார்த்தேன். "மயங்கி விழுந்தவன் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டான்" என்று படித்துவிட்டேன்.

பிறகு பட்ட பாடு! அவன் எங்கே என்று வாராவாரம் கேட்பார். ஒரு வாரம் குதிரைக்குப் புல் அறுக்கப் போனான். மறுவாரம் அச்சாணி வாங்கப் போனான். ஒரு கல்யாணமும் செய்துவைத்தேன். எந்தத் தேதியில் என்ன புளுகினேன் என்று நோட்டில் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

கடைசி அத்தியாயம் பிரமாதம். மூன்றரை ஆண்டு முடிச்செல்லாம் அழகாக அவிழ்ந்தன. மெய்மறந்து, அச்சில் இருந்ததை அப்படியே படித்தேன்: "இறந்து கிடந்த தேரோட்டியின் உதட்டில் அமுதத்தின் முதல் துளி விழுந்தது."

"இரு. அவன் எப்ப செத்தான்?"

சீட்டாடிக்கொண்டிருந்தவர்களும் திரும்பினார்கள்.

"ரெண்டு வருஷமாகப் போகுதும்மா. நீங்க அழுவீங்களேன்னு…"

"அப்ப புல்லு அறுத்தவன் எவன்? கண்ணாலம் வேற பண்ணி வச்சியே, அந்தப் பொண்ணு கதி இன்னா?"

பெட்டியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"ஊட்ல அழுதா இன்னா ஏதுன்னு பேஜார் பண்றாங்க. இங்கதான் இஷ்டத்துக்கு அழுவலாம், அதையும் கெட்த்தியே! அவன் செத்தத நாளைக்கி எட்த்தா. இல்லாங்காட்டி இனிமே உன் வாயால கதையே கேக்க மாட்டேன்."

பைண்டு செய்வதற்காகக் கிழித்து அடுக்கியிருந்த பக்கங்களில் அந்த வாரத்தை உருவி, மறுநாள் கொண்டுபோனேன். மீஞ்சூரில் தேரோட்டி இறந்தான். அம்மாள் முந்தானையில் முகம் புதைத்து, அத்திப்பட்டு தாண்டும்வரை ஆசைதீர அழுதார். மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தார்.

"சரி, இப்ப அந்த அமுதத்த ஊத்து."