காளீஸ்வரியின் சுக்குப் பொடி

தை முதல் வெள்ளியன்று மாரீஸ்வரனை ஏற்றிக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து ஆம்புலன்ஸ் மதுரைக்குக் கிளம்பியது. மாரடைப்பில் நின்ற இதயம் மறுபடி துடித்தது. மூளை தப்புமா என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் மதுரை ஆஸ்பத்திரியில் மனைவி காளீஸ்வரி தொட்டபோது அவர் பாதம் ஜில்லென்றிருந்தது. எல்லாம் தெரிந்தவளாயிற்றே! மடியிலிருந்த சுக்குப் பொடியைப் பாதத்தில் பரபரவென்று தேய்த்துக் கம்பளியும் போர்த்திவிட்டாள்.

நர்ஸ் ஓடிவந்து கம்பளியை உருவினாள். "யக்கா, மெஷினு ரத்தத்துல ஆக்சிஜன ஏத்தி மூளைக்கு அனுப்புது. மூளை கெடக்கூடாதுன்னு நாங்களே ஒடம்பக் குளிர வச்சிருக்கோம். நீங்க சூடேத்துதீயளே!"

"எமனுக்குச் சம்பளமில்லாம வேல பாத்திருக்கேன்" என்று காளீஸ்வரி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். ஆனால் வீடு திரும்பியவருக்குப் பழசு எதுவுமே நினைவில்லை. தன் சுக்குதான் கெடுத்ததோ என்று உள்ளுக்குள் அரித்தது.

ஏழு மாதம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தவளின் போனுக்கு அவரே தட்டிய செய்தி வந்தது: "கல்யாணத்தன்னைக்கு ஒங்க அண்ணன் என்னைய வாசல்லயே நிக்க வச்சாம்லா, அத நான் மறக்கல."