பச்சைச் சாறும் பதினொன்றரை பஸ்ஸும்

கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றால் அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது நம் விலா எலும்பில் தெரியும். முதலில் படபடவென்று அடிக்கும். நேரம் ஆக ஆக, கோழி நம் சூட்டுக்குப் பழகிக் கண்ணை மூடிக்கொள்ளும், எது அதன் சூடு எது நம் சூடு என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். பத்து வயதில், ஒரு வெள்ளிக்கிழமை, கடப்பாக்கத்துப் பள்ளிவாசல் மதிலோரம் நான் அப்படி நாலு மணி நேரம் நின்றேன். என் தங்கை நூரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டிய நேரம் அது.

தை கழிந்து மாசி பிறக்கிற அந்தப் பத்துப் பதினைந்து நாள் எங்கள் கரையில் இரண்டுங்கெட்டான் காலம். பகலில் உப்புக்காற்றோடு வெயில் சுடும். விடியலில் பனி இறங்கி, கரையில் கிடக்கும் வலையெல்லாம் கையை வைத்தால் சில்லென்று ஈரமாக இருக்கும். வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது இருமிக்கொண்டிருக்கும். அதற்கு எங்கள் வீட்டில் இருந்த ஒரே வைத்தியம் ‘பச்ச சாறு’. இளங்கோழியை எலும்போடு வெட்டி, இஞ்சியும் மிளகும் நசுக்கிப் போட்டு, கொத்தமல்லித் தண்டைக் கட்டாகக் கட்டி உள்ளே இறக்கி, அம்மா சட்டியை அடுப்பில் மெதுவாகக் கொதிக்க விடுவாள். புதினா, கொத்தமல்லித் தழை, நாலு கற்பூரவல்லி இலை, ஒரு பச்சை மிளகாய், எல்லாம் அம்மியில் ஒன்றிரண்டாக நசுங்கித் தனியே காத்திருக்கும். சட்டியை இறக்கிய பிறகுதான் அவற்றைப் போட்டுக் கலக்கி, எலுமிச்சம்பழம் பிழிவாள். அடுப்பில் இருக்கும்போது போட்டால் தழை பழுப்பேறிவிடும். ‘பச்ச செத்துடக் கூடாதுடி’ என்பாள். அந்தச் சாறு நாற்றங்கால் நிறத்தில் இருக்கும், குடிப்பதற்கு முன்பே அதன் வாசனை மூக்கடைப்பைத் திறந்துவிடும். குடித்து முடித்தவர்கள் கனத்த போர்வைக்குள் சுருண்டு படுக்க வேண்டும். ‘வேர்த்துட்டா போதும், காய்ச்சல் எறங்கிடும்.’

கோழி அன்றைக்கு அறுத்ததாக இருக்க வேண்டும். அத்தா வீட்டில் இருந்தால் அவரே பிஸ்மில்லா சொல்லி அறுத்துவிடுவார். மீனவர்களுக்குக் கயிறும் தூண்டில் முள்ளும் விற்கும் கடை அவருடையது, சரக்கெடுக்க மெட்ராஸ் போனால் திரும்ப இரண்டு நாளாகும். ஆம்பளை இல்லாத வீட்டுக் கோழிகளைப் பிள்ளைகள் பள்ளிவாசலுக்குத் தூக்கிப் போக, பாங்கு சொல்லும் மோதினார் மாமா அறுத்துக் கொடுப்பார். பெண்கள் அறுக்கக் கூடாது என்று எந்த மார்க்கக் கிதாபிலும் இல்லை என்பதை நான் வளர்ந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் எங்கள் தெருவில் அது வழக்கமில்லை. அம்மாவின் அடுப்படியில் மீன் அறுக்கும் அரிவாள்மனை அன்றைக்கும் இருந்தது.

நூரிக்கு அப்போது ஐந்து வயது. அத்தா மெட்ராஸ் போயிருந்தார். மூன்று நாளாகக் காய்ச்சல். அந்த வெள்ளிக்கிழமை காலையில் மூச்சு விடும்போது அவள் விலாவுக்குக் கீழே சதை குழிந்து குழிந்து எழுந்தது. பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்கா, சுகாதார நிலையத்தில் ஆயாவாக இருந்தவர், வேலைக்குக் கிளம்பும்போது எட்டிப்பார்த்தார்.

“இன்னா பாத்திமாக்கா, கொழந்த இப்டி இழுத்துகினு கீது, நீ குந்திகினு வேடிக்க பாக்குற? பதினொன்றர பஸ்ஸப் புடிச்சி மதுராந்தகம் போயி, அங்கேர்ந்து செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போ.”

“போறேன் கஸ்தூரி. நேத்துலேர்ந்து ஒரு வாயி திங்கல. வெறும் வயித்தோட எப்டி பஸ்ல ஏத்துறது? ஒரு வாயி சாறு குடுத்துட்டு போயிடுறேன்.”

“சாறு எங்கியும் ஓடிடாதுக்கா. பஸ்ஸு ஓடிடும்.”

அம்மா சிரித்தாள். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவள் ஒருபோதும் சொல்லவில்லை. துணிப்பையில் நூரியின் கவுன் இரண்டும் ஒரு துண்டும் அப்போதே எடுத்து வைத்துவிட்டாள். பிறகு கூடையைத் திறந்து ஒரு செவலைக் கோழியைப் பிடித்து என்னிடம் கொடுத்தாள். “சுருக்கா போயி அறுத்துகினு வா. யார்னா கேட்டா லேசா சளின்னு சொல்லு, போதும்.” பிள்ளைக்கு வந்த நோயை வெளியே பெரிதாகச் சொன்னால் அது பெரிதாகவே ஆகிவிடும் என்பது அவள் பயம்.

நான் போய்ச் சேர்ந்தபோது மோதினார் மாமா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, புதுக் கைலி கட்டி, ஜும்மா தொழுகைக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தார்.

“இப்பத்தான் குளிச்சி வெள்ள போட்டுகினேன் புள்ள, ரத்தம் தெறிச்சிடும். ஜும்மா முடியட்டும்.” உள்ளே திரும்பியவர் நின்று கேட்டார். “அவசரமா? யாருக்கு சாறு?”

“தங்கச்சிக்கு மாமா. லேசா சளி.”

“அப்ப நில்லு.”

அம்மா சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னேன். தங்கச்சிக்கு மூச்சு வாங்குது என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் அவர் சட்டையைக் கழற்றிவிட்டு அறுத்துக் கொடுத்திருப்பார், அல்லது ஆளை அனுப்பி வண்டி பிடித்திருப்பார். அவர் அப்படிப்பட்ட மனிதர்தான். வீட்டுக்கு ஓடிப்போய் நேரமாகும் என்று அம்மாவிடம் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. நிற்கச் சொன்னார்கள், நின்றேன். தெருப் பையன்கள் தொப்பியோடு கும்பலாக வந்தார்கள். “அடியேய், கோழியும் தொழ வந்துகீதா?” என்றான் ஒருவன். “அதுக்கு ஒரு தொப்பி குடுங்கடா” என்றான் இன்னொருவன். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. பதினொன்றரை பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு பள்ளிவாசலைத் தாண்டிப் போனதைப் பார்த்தேன். அது எங்களை விட்டுவிட்டுப் போகிற பஸ் என்று தெரிந்துதான் பார்த்தேன், ஆனால் நாலு மணிக்கு இன்னொன்று உண்டு என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

தொழுகை முடிந்து கோழி அறுபட்டு நான் வீடு வர இரண்டாகிவிட்டது. நூரியை விட்டு நகர முடியாமல் இருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கோழியை வாங்கினாள். மூன்று மணிக்குச் சாறு தயார். அவ்வளவு அழகான பச்சையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நூரி என் மடியில் சாய்ந்து ஏழெட்டுக் கரண்டி குடித்தாள். “காரமா கீது” என்றாள். அம்மாவுக்கு அதைக் கேட்டதே போதுமானதாக இருந்தது. போர்வையால் மூடினோம். அரைமணி நேரத்தில் நூரிக்கு வேர்த்துக் கொட்டியது, கழுத்தும் முதுகும் நனைந்து தலைமயிர் ஒட்டிக்கொண்டது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மூன்று நாளாக அனலாக இருந்த நெற்றி சில்லென்று இருந்தது. “எறங்கிடுச்சி! எறங்கிடுச்சிடி!” என்று என்னைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை அசந்து தூங்குகிறாளே என்று நாலு மணி பஸ்ஸையும் விட்டுவிட்டோம்.

ஐந்து மணிக்குக் கஸ்தூரி அக்கா வந்து போர்வையை விலக்கி, நீலம் பாய்ந்திருந்த நூரியின் விரல் நகங்களைப் பார்த்தார். தெருவுக்கு ஓடி, மீன் ஏற்றக் கிளம்பிக்கொண்டிருந்த ஐஸ் வண்டியை மறித்தார். அம்மா நூரியைத் தூக்கிக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறினாள், கஸ்தூரி அக்கா பின்னால் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தார். துணிப்பையை நான்தான் ஓடிப்போய்க் கொடுத்தேன். வண்டி மதுராந்தகத்தைத் தொடுவதற்கு முன்பே, வெளிச்சம் இருக்கும்போதே, நூரி போய்விட்டாள்.

வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அத்தா வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்தவர்கள், “கடசியா சாறு குடிச்சிட்டுத்தான போச்சி, அதுவரைக்கும் நிம்மதி” என்றார்கள். அம்மா மீதிக் கோழிகளை விற்றாள். சாறு என்ற சொல் அந்த வீட்டில் இல்லாமல் போயிற்று. முப்பத்தைந்து ஆண்டுகளில் அம்மா அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி என்னிடம் ஒரு முறையும் பேசியதில்லை.

இப்போது நான் சிறுசேரியில் ஒரு அடுக்குமாடி வீட்டின் ஒன்பதாவது மாடியில் இருக்கிறேன், பக்கத்திலேயே அலுவலகம். இந்த மாசியில் என் மகள் ஆயிஷாவுக்கு இருமல் வந்தது. பதினான்கு வயதுப் பெண், இரண்டு நாள் காய்ச்சலைத் தாங்கமாட்டாளா என்று நினைத்தேன். கணவர் வெளியூரில். மூன்றாம் நாள் காலையில் அவளுக்கு மூச்சு வாங்கியது, நேற்றிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது எனக்கு உறுத்தியது. செயலியில் சொன்னால் பத்து நிமிடத்தில் கோழிக்கறியும் புதினாவும் வாசலுக்கு வந்துவிடுகின்றன. முப்பத்தைந்து ஆண்டுகளாக எங்கள் வீட்டில் யாரும் செய்யாத ஒன்றை என் கை தானாகச் செய்தது. தழையை மிக்சியில் போடாமல் சின்ன உரலில் நசுக்கி, சட்டியை இறக்கிய பிறகு கலந்தேன். அவள் குடித்தாள், வேர்த்தது. நெற்றியைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. அம்மாவுக்கு வந்த அதே சந்தோஷம் எனக்கும் வந்தது. ஒரு நிமிடம் முழுதாக இருந்தது அது. பிறகு அவள் நகங்களைப் பார்த்தேன்.

லிஃப்டில் அவளை எப்படி இறக்கினேன், காரை எப்படி ஓட்டினேன் என்பது நினைவில்லை. நுரையீரலில் சளி கட்டி, நாலு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துவிட்டாள். “கரெக்ட் டைமுக்குக் கூட்டிட்டு வந்தீங்க” என்றார் டாக்டர். இல்லை, இரண்டு மணி நேரம் அடுப்படியில் நின்றுவிட்டுத்தான் வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இப்போதும் அவள் தூங்கும்போது அருகில் போய் மூச்சை எண்ணுகிறேன். “ம்மா, பயமா இருக்கு, இப்டி மூஞ்சிக்கு மேல வந்து நிக்காத” என்கிறாள்.

கடப்பாக்கத்து வீடு கைமாறிவிட்டது. அந்தத் தெருவில் யாரும் கோழி வளர்ப்பதில்லை. மோதினார் மாமாவும் இல்லை, கஸ்தூரி அக்காவும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கத் தேவையில்லாதபடி கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வருகிறது. மதிலோரம் நாலு மணி நேரம் நிற்க வைத்த எதுவுமே இன்று இல்லை. இருந்தும் நான் நின்றேன்.

ஆயிஷாவை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, செங்கல்பட்டில், நூரிக்குப் பிறகு பிறந்த தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன். காய்ச்சலையும் ஆஸ்பத்திரியையும் பற்றி நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள்.

“எத்தன மணிக்குக் கௌம்புன?” என்றாள்.

“காலையிலயேம்மா. மூச்சு வாங்குனதும் கௌம்பிட்டேன்.”

“அல்ஹம்துலில்லாஹ். நீ படிச்சவ, உனக்குத் தெரிஞ்சிருக்கு” என்றாள் அம்மா, போனை வைத்துவிட்டாள்.

நானும் சாறு வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனேன் என்று சொல்லியிருக்கலாம். இந்த உலகத்தில் அவளிடம் அதைச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். அவளுக்கு எழுபது ஆகப்போகிறது. தினமும் போனைக் கையில் எடுக்கிறேன், ஆயிஷா நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன்.