ஓசெல்லா கொடுத்த விசிறி

ஓசெல்லா மானிகோவைத் தெரியாதவர் எங்கள் ஊரில் இருந்தால், அவர் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து வெள்ளைக்காரராக இருக்க வேண்டும். கறுப்பர்கள் நாங்கள் இருக்கும் இந்தப் பக்கத்தில் அவளைத் தெரியாமல் யாரும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. வாசல் ஊழியம் அவளுடையது. வெள்ளை உடுப்பு, வெள்ளைக் கையுறை, இடது கை முதுகுக்குப் பின்னால் மடக்கியிருக்கும். ஜெபத்தின் நடுவில் வருகிறவன் யாராக இருந்தாலும் அவள் உள்ளங்கையைக் காட்டினால் நிற்க வேண்டியதுதான். பாட்டுக்கு உருகி மயங்கி விழுகிற பெண்களைத் தரையில் படாமல் பிடிப்பதும் அவள்தான். நானும் அதே ஊழியம்தான்; பெஞ்சு வரிசைகளுக்கு நடுவே போகிற பாதைகளில் நான் வலப்பக்க நடை, அவள் இடப்பக்க நடை. நின்று நின்றே இரண்டு பேருக்கும் காலில் நரம்பு சுருண்டுவிட்டது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிரசங்க மேடையிலிருந்து இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று பாஸ்டர் சொல்லக் கூடாது, சட்டச் சிக்கல். அதனால் அவர் சொல்ல மாட்டார். தேர்தலுக்கு முந்தின ஞாயிறு வாசலில் ஒரு பெட்டி நிறைய அட்டை விசிறி வந்திருக்கும். குச்சி வைத்த விசிறி, ஒரு பக்கம் இயேசு, மறு பக்கம் வேட்பாளர். ஜூன் மாதத் தெற்குக் கரோலினாவில் விசிறியை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஓசெல்லா ஒவ்வொன்றாகக் கையில் கொடுப்பாள். அதோடு முடிந்தது. "ஓசெல்லா யாரைக் குடுத்தா?" என்று வராதவர்கள் மத்தியானம் போனில் கேட்பார்கள். பாஸ்டரின் ஆதரவு என்று பத்திரிகையில் எழுதுவார்கள். ஆனால் ஜனங்கள் பார்த்தது அவள் கையைத்தான். பாஸ்டர்கள் மாறினார்கள், அவள் மாறவில்லை.

அப்படிப்பட்டவள் அரசியலில் இறங்கியது புருஷன் லெமுவேல் செத்த பிறகு. ஆம்புலன்ஸ் நிலையம் முன்பு எங்கள் பக்கத்தில் இருந்தது. கோல்ஃப் மைதானத்தைச் சுற்றிப் புது வீடுகள் வந்ததும் அதை அங்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கவுன்சிலில் அதற்குக் கை தூக்கியவர் எங்கள் தொகுதி உறுப்பினர், எங்கள் கட்சிக்காரர், கார்லைல் வெட்சல். வெள்ளைக்காரர், சிரித்த முகம், எல்லோருடைய பெயரையும் ஞாபகம் வைத்திருப்பார். லெமுவேல் கொல்லையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது ஆம்புலன்ஸ் முதலில் சரக்கு ரயிலுக்காக நின்றது, பிறகு வழி தப்பியது. வந்து சேர்ந்தபோது ஓசெல்லா அவன் கண்களை மூடிவிட்டிருந்தாள். வெட்சல் சாவுக்கு வந்தார், பெயர் சொல்லி அழுதார்.

அடுத்த உட்கட்சித் தேர்தலில் அவரை எதிர்த்து அவள் மனுப் போட்டாள். ஜூனில் ஜெயிப்பவர்தான் நவம்பரில் கட்சி வேட்பாளர்.

"ஆம்புலன்ஸ் இந்தப் பக்கம் வரணும். அவ்வளவுதான். வேற எதுவும் எனக்குப் பேசத் தெரியாது," என்றாள் என்னிடம்.

"அது போதும்க்கா. சபை இருக்கு உனக்கு," என்றேன். சபை இருக்கு என்று சொன்ன வாயை இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

ஓட்டுக் கேட்க அந்தப் பக்கமும் போனோம். நூலகத்துப் பின்னறையில் நல்ல மனசுக்கார வெள்ளைப் பெண்கள் கூடியிருந்தார்கள். பாலாடைக்கட்டி சாண்ட்விச், எலுமிச்சை சர்பத். ஓசெல்லா லெமுவேல் கதையைச் சொன்னபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்கள் தலைவி கரோலின் என்ற அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பேசினது அப்படியே நெஞ்சைத் தொட்டுச்சு. உங்களை ஆதரிக்கணும்னுதான் எங்களுக்கு ஆசை. ஆனா உங்க பாஸ்டரே வெட்சல் பக்கம்னு கேள்விப்பட்டோம். உங்க சமூகம் ஒரு முடிவு எடுத்திருக்கும்போது வெள்ளைக்காரங்க நாங்க குறுக்க வர்றது மரியாதை இல்லையே?"

ஓசெல்லா சர்பத் கோப்பையைக் கீழே வைத்தாள். பாஸ்டர் யார் பக்கம் என்பதை அவள் அங்கேதான் முதலில் கேள்விப்பட்டாள்.

நேரே பாஸ்டர் மோஸ்லி வீட்டுக்கு வண்டியை விடச் சொன்னாள். அவர் வாசலில் பச்சை வேர்க்கடலையை அவித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"சிஸ்டர், கோவப்படாத. கணக்குப் பாரு. நவம்பர்ல வெள்ளைக்காரங்க ஓட்டு இல்லாம நம்ம கட்சி கரையேறாது. ஒரு கறுப்புப் பொம்பளை, அதுவும் சமையல்கட்டுல வேலை பாத்தவ, உனக்கு அவங்க போடுவாங்களா?"

"நான் பள்ளிக்கூடத்துல அவங்க பிள்ளைகளுக்கும் சேத்துத்தானே ஆக்கிப் போட்டேன்?"

"சாப்பாடு வேற, ஓட்டு வேற. வெட்சல் நமக்கு கார் நிறுத்துற இடத்துக்குத் தார் போட்டுக் குடுத்தாரு. பாதி நம்ம ஆளு."

"மீதிப் பாதி எந்தப் பக்கம் ஆம்புலன்ஸை ஓட்டிக்கிட்டுப் போச்சு பாஸ்டர்?"

அவர் கடலையைக் கிண்டினார். அவர்கள் போட மாட்டார்கள் என்று இவர் சொல்கிறார். இவர் சொல்லிவிட்டார் என்று அவர்கள் சொல்கிறார்கள். ஒருவர் முதுகில் இன்னொருவர் ஒளிந்துகொண்டு இரண்டு பேரும் ரொம்ப மரியாதையாகவே அவளைக் குழிக்குள் இறக்கினார்கள். வண்டியில் நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன். அவள் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள்.

"ஜனங்க இருக்காங்கடி. அவங்களுக்கு என்னைத் தெரியும்."

தேர்தலுக்கு முந்தின ஞாயிறும் வந்தது. சர்ச்சில் ஏசி அந்த வாரம் பார்த்துக் கெட்டுப்போயிருந்தது. வாசலில் பெட்டி. திறந்தால் வெட்சல், வரிசை வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு. நான் மூடியை அறைந்து சாத்தினேன்.

"அக்கா, தொடாத. குப்பையில போடுறேன்."

அவள் உள்ளே பார்த்தாள். முன் வரிசைக் கிழவிகள் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய தங்கை ஐனெஸ் தொப்பியைக் கழற்றிவிட்டாள். ரத்தக்கொதிப்புக்காரி, சர்ச்சுக்குள் லேசில் தொப்பியைக் கழற்றுகிறவளும் இல்லை.

"வேர்த்து ஊத்துதுடி பாவங்களுக்கு," என்றாள் ஓசெல்லா.

"அந்த ஆளு மூஞ்சிய நீயே கொடுப்பியா? உனக்கு மூளை கலங்கிப்போச்சா?"

"கொடுக்கலேன்னா என்ன ஆகும்? பாஸ்டர் ஆதரிக்கலேன்னு ஊழியத்தை விட்டுட்டான்னு பேசுவாங்க. என் பேரு ஓட்டுச் சீட்டுல இருக்கு. நான் எதிர்ல நிக்கிறேன். இது வெறும் அட்டை, காத்துக்கு."

கையுறையை இழுத்துச் சரி செய்துகொண்டு எடுத்துப் போனாள். என் நடையில் இருந்தவர்களுக்கு நான் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை, வேர்த்துச் சாகட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் நடையில் ஒவ்வொருவருக்கும் குனிந்து, கையில் வைத்து, புன்னகைத்துக் கொடுத்தாள். எப்போதும் கொடுப்பதுபோலவே கொடுத்தாள். அதுதான் வினை.

செவ்வாய்க்கிழமை தோற்றாள். சும்மா தோற்கவில்லை. எங்கள் சர்ச் கூடத்தில் வைத்த ஓட்டுப் பெட்டியிலேயே வெட்சல் அவளை மண்ணைக் கவ்வ வைத்தார். அந்தப் பக்கத்தில் அவளுக்கு நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடவே விழுந்திருந்தது, அந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்ல?

மறுநாள் ஐனெஸ் வறுத்த மீனும் சிவப்புச் சோறும் எடுத்துக்கொண்டு அக்காளைத் தேற்ற வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"நீ யாருக்குப் போட்ட?" என்று ஓசெல்லா கேட்டாள்.

"வெட்சலுக்குத்தான்."

"என் கூடப் பொறந்தவ நீ."

ஐனெஸ் திகைத்துப் போனாள். "நீதானேக்கா குடுத்த? உன் கையால குடுத்தியே! பாஸ்டரோட பேசி விலகிட்டன்னு நெனச்சேன். எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. ஓசெல்லாவே சொல்லிட்டா, இனி என்னன்னு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"மனசு விட்டுப்போய் விலகினவகிட்ட எப்படிக் கேக்கறது? உன் மானத்தைக் காப்பாத்தணும்னு வாயை மூடிக்கிட்டேன்."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அன்று அவளை இழுத்து நிறுத்தியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அந்தக் கையை யார் இழுத்து நிறுத்த முடியும்? அவளுக்குத் தன் ஜனங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை. ஜனங்களுக்கு அவள் கைமேல் அதைவிட அதிகம்.

நவம்பரில் வெட்சல் தோற்றார். வெள்ளைக்காரர்கள் அவருக்கும் போடவில்லை, எதிர்க்கட்சி வெள்ளைக்காரருக்குப் போட்டார்கள். பாஸ்டர் அதைப் பற்றி இதுவரை மூச்சு விடவில்லை. ஆம்புலன்ஸ் கோல்ஃப் மைதானத்துப் பக்கத்திலேயே நின்றது.

அடுத்த கோடையில் ஒரு ஞாயிறு, பாட்டு நடுவில் ஐனெஸ் சரிந்தாள். பரிசுத்த ஆவியில் நிறைந்துவிட்டாள் என்று பக்கத்திலிருந்தவர்கள் கை தட்டினார்கள். ஓசெல்லா வழக்கம்போல ஓடிப் பிடித்தாள், பிடித்தவுடன் முகம் மாறிவிட்டது. ஐனெஸின் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. நான் போன் செய்தேன். அனுப்பியாயிற்று என்றார்கள்.

தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள் ஓசெல்லா. யாரோ பெஞ்சுச் சந்திலிருந்து ஒரு விசிறியை எடுத்து நீட்டினார்கள். போன வருஷத்து விசிறி, அதில் வெட்சல் சிரித்தார். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை, வாங்கி வீசினாள். பாஸ்டர் ஜெபித்தார். பாடகர்கள் மெல்லப் பாடினார்கள், பாட்டு முடிந்தது, இன்னொன்று பாடினார்கள். தூரத்தில் சரக்கு ரயில் ஊதியது. அதற்கு அந்தப் பக்கம் எது காத்து நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பாட்டு நின்றுவிட்டது.

"இன்னும் கொஞ்சம் வேகமா வீசு சிஸ்டர்," என்றார் பாஸ்டர்.

ஓசெல்லா தலையைத் தூக்கினாள்.

"கை வலிக்குது பாஸ்டர். இந்தாங்க, இப்ப நீங்க பிடிங்க," என்று விசிறியை அவர் கையில் கொடுத்தாள்.