கழிவுக்குப் போட்ட கத்தரிக்காய்

காலை ஐந்தரைக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். மானிப்பாய் வழியாகச் சண்டிலிப்பாய் சுமார் பத்துக் கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, கோவிலும் கோட்டையும் இருக்கக் கத்தரிக்காய் பார்க்கப் போவதா என்று தங்கியிருந்த வீட்டில் சிரித்தார்கள். சுப்பர்மார்க்கெட்டில் பளபளக்கும் காய் எந்தத் தோட்டத்திலிருந்து கிளம்புகிறது என்று பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை.

ஆறரை மணிக்கு யோகராணி அக்காவின் தோட்டத்தில் நின்றேன். ஐந்து குடும்பங்கள் சேர்ந்து கொழும்பு நிறுவனமொன்றுக்கு முதன்முதலாகக் காய் கொடுக்கும் நாள். பத்துக் கிலோப் பெட்டிகள் குறைந்தது பத்து வேண்டும்; இல்லாவிட்டால் லொறி இனி இந்தப் பக்கம் திரும்பாது. மழை கெடுத்துவிட்டது, ஒன்பதுதான் தேறின. அப்படியிருந்தும் அக்கா ஒவ்வொரு பெட்டியையும் விளிம்புக்கு மேலே குவித்துக்கொண்டிருந்தார்.

"நிறை கூடிவிடாதா அக்கா?"

"சந்தையிலை யாவாரியள் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிவெண்டு காசு குடுக்காமல் வெட்டுவினம். அதுதான் கேக்க முதலே போட்டிட்டன்."

போதாததற்கு ஒரு பையிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். லாண்ட்மாஸ்ரர் என்ற சிறு உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் காய்களுக்கு நடுவே குந்தியபடி நிறுவனத்தின் சேகரிப்பு நிலையத்துக்குப் போனேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

தரம் பார்க்கும் இளைஞர் முதல் பெட்டியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அக்கா பதறி, பையிலிருந்து இன்னும் இரண்டு காயை அதன்மேல் வைத்தார். அவர் மறுபடி சுளித்தார். அக்கா மேலும் இரண்டு வைத்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

"அக்கா, வையாதேங்கோ! எடுங்கோ. மேலை பெட்டி அடுக்கினா நசிஞ்சுபோம்," என்று இளைஞர் தடுத்தார்.

"அப்ப கழிவு?"

"இஞ்சை கழிவில்லை. பத்தெண்டா பத்துத்தான்."

அக்கா நம்பவில்லை. எடுத்ததைத் திருப்பிக் கேட்பார் என்பதுபோல் பாதிக் கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டே ஒன்பது பெட்டிகளிலும் மேலே நின்றதை எடுத்தார். பையில் இருந்ததையும் சேர்த்து ஒரு வெறும் பெட்டியில் போட்டு நிறுத்தார்கள். தராசு முள் பத்தில் நின்றது.

"பத்துப் பெட்டி சரி. வியாழக்கிழமையும் லொறி வரும்," என்றார் இளைஞர்.

அக்கா சந்தோஷப்படுவார் என்று முகத்தைப் பார்த்தேன். கோபத்தில் சிவந்திருந்தது. அந்தப் பத்தாவது பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி சொன்னார்:

"ஒவ்வொரு முறையும் சந்தையிலை இவ்வளவையோ நாங்கள் சும்மா குடுத்திட்டு வந்தனாங்கள்?"