துரையின் புல்திடலில் ஒரு பூக்குழி

ஜொகூர் பாருவில் காலை ஏழு மணிக்குப் பஸ் ஏறினேன். ஆயர் ஈத்தாமுக்கு ஐம்பத்தைந்து மைல். கட்டணம் ஒன்றரை வெள்ளி. வழியெல்லாம் ரப்பர், ரப்பர். கண்ணுக்கு வேறு வேலையில்லை. அங்கிருந்து மாட்டுவண்டியில் நான்கு மைல். தோட்டத்துக்குள் திரும்பியதும் திகைத்துப்போனேன். நடுவே பச்சைப் புல்திடல். சுற்றிப் பன்னிரண்டு வெள்ளை வீடுகள், வாசல்தோறும் ரோஜா.

"தொரையோட சீமை ஊரு அப்படித்தானாம்," என்றான் வண்டிக்காரன். "நாங்க குடியிருக்கலாம். புல்லுல கால் வைக்கத்தான் கூடாது லா."

பகல் ஒரு மணி. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை தம் இங்கிலாந்துக் கிராமத்தின் கதையைச் சொன்னார். அதன் நடுத்திடலில் ஏர் பட்டதே இல்லையாம். மாதாகோயிலும் சாராயக்கடையும் கொல்லன் பட்டறையும் அதைப் பார்த்தபடி நிற்குமாம். பந்தாட்டம், சந்தை, சண்டை எல்லாம் அதன் மேல்தான். ஒரு பிரபு வேலி போட்டபோது ஊரே திரண்டு பிடுங்கி எறிந்ததாம்.

அன்று மாலை அம்மன் திருவிழா. கங்காணி முத்தையாவின் மனைவி வெள்ளையம்மா, பிள்ளைக்கு அம்மை இறங்கினால் தீ மிதிப்பதாக நேர்ந்திருந்தாள். திடலை விட்டால் தோட்டத்தில் சமதரை கிடையாது, சரிவும் சேறும்தான். ஓர் ஓரத்தைத் தர துரை இசைந்திருந்தார். மறுநாள் விடியலில் கூலியாட்களை வரிசையில் நிறுத்தி ஆள் எடுக்கும் நேரத்துக்குள் புல் பழையபடி இருக்க வேண்டும். இல்லையேல் கங்காணி குடும்பம் தோட்டத்தை விட்டுப் போக வேண்டும்.

நான்கு மணிக்கு ஆட்கள் புல்லை வேரோடு சதுரம் சதுரமாகச் சீவி, ஈரச் சாக்கில் அடுக்கினார்கள். வெறும் மண்ணில் விறகை எரித்துத் தணலாக்கிப் பூக்குழியாகப் பரப்பினார்கள். ஆறு மணிக்கு வெள்ளையம்மா தணலில் இறங்கி நடந்தாள். துரை பங்களாப் படியிலேயே நின்றுகொண்டார்.

மறுநாள் காலை ஐந்தரை. பூக்குழியைத் தண்ணீர் விட்டு அணைப்பது வழக்கமில்லை. இரவெல்லாம் தணல் அப்படியே கிடந்தது. அதை வாரிவிட்டு முதல் சதுரத்தை வைத்தார்கள். ஓரம் கருகிச் சுருண்டது. முத்தையா வாளியைத் தூக்கினான். வெள்ளையம்மா மறித்தாள்.

"வேணாங்க. தானா ஆறட்டும்."

"ஆறுறதுக்குள்ள நாம தெருவுல நிப்போம்டி."

அவள் வாளியை விடவில்லை. அதற்குள் துரை வந்துவிட்டார்.

"புல் ஏன் வைக்கல?"

"மண்ணு இன்னும் சுடுது தொரை," என்றான் முத்தையா.

அவர் நம்பவில்லை. குனிந்து உள்ளங்கையை மண்ணில் அழுத்தினார், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அப்புறம் அவள் கால்களையே பார்த்தார். வெள்ளையம்மா கூசி விரல்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எப்ப ஆறும்?"

"நாளைக்குங்க," என்றாள்.

"சரி, நாளைக்கு வை," என்றார்.

முத்தையா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஊர் திரும்ப என் வண்டி கிளம்பியது. திரும்பிப் பார்த்தேன். துரை ஆள் எடுக்கப் போகவில்லை. வலக்கையை மடக்கி மார்போடு வைத்துக்கொண்டு, இடக்கையால் அந்தப் புல் சதுரங்களுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.